வலைதின்னிப் பாரின் மூன்றாவது பாட்டில்

“மூணே மூணு பாட்டில்தான் எடுக்கலாம். நாலாவது மேல வந்தாலும் கேஸ். நாலு மணிக்கு மேல தண்ணிக்குள்ள இருந்தாலும் கேஸ்!”

அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது அதிகாரி சொன்னது யாமினியின் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டே இருந்தது. தூத்துக்குடிக் கரை பின்னால் ஒரு கோடாகத் தேய்ந்துவிட்டது. காலை ஏழு மணி. படகு அலைகளில் ஏறி இறங்கி விரைந்தது. கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் திணித்திருந்தாள். தேதி இன்றைக்கு மட்டும். நேரம் மாலை நான்கு வரை மட்டும்.

பீருக்காக ஒருத்தி நடுக்கடலில் குதிப்பாளா என்று யாராவது கேட்டால், யாமினியைத் தெரியாதவர் என்று அர்த்தம். புதுச்சேரியில் அவளும் லியோனும் சேர்ந்து ஒரு சின்ன ப்ரூவரி நடத்தினார்கள். லியோனுக்குக் கசப்புப் பைத்தியம். குடிப்பவன் முகத்தைச் சுளிக்க வைக்காத பீரை அவன் பீர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டான். யாமினிக்குக் கறுப்பு பீர். அவள் வடித்த ‘கரிமுகில்’ என்ற கறுப்பு பீரைத் தேடி ஹைதராபாத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் அது கிடைக்கும். காலையிலேயே வாசலில் வரிசை நிற்கும்.

அந்த ருசியின் ரகசியம் ஈஸ்டில் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு பழம்பொருள் கடையில் அவள் வாங்கிய கறுப்புப் பாட்டிலின் அடியில், சேறு போலப் படிந்த மண்டியிலிருந்து அவள் உயிர்ப்பித்த ஈஸ்ட் அது. பாட்டிலின் கழுத்தில் நங்கூரத்தின் மேல் ஒரு சேவல் நிற்கும் முத்திரை இருந்தது. அந்த ஈஸ்டை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. பெங்களூரில் ப்ரூவரி வைத்திருக்கும் முகுந்தன் போன வருடம் நேரிலேயே வந்து, “ஒரே ஒரு ஸ்பூன் தருவீங்களா?” என்று கேட்டான். “என் பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொல்றீங்களா?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள். அன்று அந்தப் பதில் அவளுக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன் குளிர்சாதனப் பெட்டி கெட்டுப்போய், இரண்டு நாள் வெயிலில் அந்த ஈஸ்ட் மொத்தமும் செத்தது. மாற்றுக்கு ஒரு துளிகூட எங்கும் இல்லை. கடையில் கிடைத்த ஒன்பது வகை ஈஸ்டை வைத்து வடித்துப் பார்த்தாள். ஒன்பதையும் சாக்கடையில் கொட்டினாள். வாசல் வரிசை போனது. அதைவிட மோசம், அவளுக்கே வடிக்கும் ஆசை போய்விட்டது. கரிமுகில் இல்லாவிட்டால் கடையை மூடிவிடலாம் என்று அவளே சொன்ன நாளில்தான் அந்தப் புகைப்படம் கைபேசி கைபேசியாகச் சுற்றி வந்தது. ஒரு மீனவர் கையில் கறுப்புப் பாட்டில். கழுத்தில் நங்கூரம். அதன் மேல் சேவல்!

அந்த மீனவர்தான் இப்போது படகை ஓட்டிக்கொண்டிருந்த கித்தேரியான்.

“வலைய இழுக்கேன், கனமா இருந்துச்சு. மேல வர வர படார்னு ஒரு சத்தம்! மூடி பறந்து என் மூக்குல அடிச்சிட்டு,” என்றார் அவர், ஆறாவது தடவையாக. “பாதி கடல்ல போச்சு. மிச்சத்த நான் குடிச்சிட்டேன்.”

“நூத்தம்பது வருஷத்துப் பீரை அப்படியே குடிச்சீங்களா?” லியோனால் அதை இன்னும் தாங்க முடியவில்லை.

“பின்ன, பாத்துட்டே இருக்கச் சொல்லுதியளா? கருப்பட்டிப் பாகு அடிப்பிடிச்ச மாதிரி ஒரு ருசி. அதுக்கு மேல சுட்ட பனங்கிழங்கு வாசம்.”

யாமினிக்கு மறுபடியும் மயிர்க்கூச்செறிந்தது. அது கரிமுகிலின் ருசியேதான். வேறு எந்த ஈஸ்டும் அதைத் தராது.

பாட்டில் கிடைத்த இடத்துக்கு மீனவர்கள் வைத்த பெயர் வலைதின்னிப் பார். கடலடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டில் வீசிய வலை முழுசாகத் திரும்பாது. பட்டாளத்துக்கு பீர் ஏற்றி வந்த மரக்கப்பல் ஒன்று அங்கே மூழ்கிக் கிடந்தது. பத்து ஆள் ஆழம். அதில் இறங்கத் துணைக்கு வந்திருந்தவர் மச்சாது, நாற்பது வயது, கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாள். பேச்சைக் கடனாகக்கூடக் கொடுக்காத மனிதர்.

“நீவாடு இப்ப சரியா இருக்கு. மதியத்துக்கு மேல திரும்பும்,” என்றார் அவர், கடலின் ஓட்டத்தைப் பார்த்தபடி. “திரும்பிட்டுன்னா நிக்க விடாது தங்கச்சி. நம்ம ரெண்டு பேரையும் சேத்துக் கட்டுற கயித்த ஒரு இழுப்பு இழுத்தா நல்லா இருக்கேன்னு அர்த்தம். ரெண்டு இழுத்தா மேல வா. மூணு இழுத்தா ஆபத்து.”

அப்போதுதான் லியோன் தெற்கே கையைக் காட்டினான். “யாமி, அங்க பாரு!”

இன்னொரு படகு நங்கூரமிட்டு நின்றது. வெள்ளைத் தொப்பியும் தாடியுமாக ஒருவன் தூரநோக்கி வழியே இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகுந்தன்! அவனுக்கும் அனுமதி கிடைத்திருந்தது, நாளைக் காலைக்கு. இன்றே வந்து காவல் காக்கிறான் என்றால் என்ன அர்த்தம்?

“பாத்துட்டுப் போகட்டும். பார்வைக்குக் கேஸ் இல்ல,” என்று சொல்லிவிட்டு அவள் முகமூடியை மாட்டினாள்.

சிக்கல் இதுதான். கடலடியில் தண்ணீரின் அழுத்தம் தக்கை மூடியைப் பிடித்து வைத்திருக்கும். மேலே வர வர அந்தப் பிடி தளரும், உள்ளே அடைபட்ட வாயு மூடியைத் தூக்கி எறியும். பழைய கம்பியெல்லாம் துருவாகி உதிர்ந்துவிட்டது. ஆகவே புதுக் கம்பியைக் கடலுக்கு அடியிலேயே கட்ட வேண்டும். கழுத்தில் ஒரு வளையம், மூடியின் மேல் ஒரு குறுக்கு, ஆறு அரைச் சுற்று. ஐந்து போட்டால் நழுவும், ஏழு போட்டால் அறும். பத்து வருடமாகப் பாட்டில் கட்டிய விரல்களுக்குத்தான் அது இருட்டிலும் வரும். மச்சாதுவுக்குக் கடல் தெரியும், கம்பி தெரியாது. அதனால்தான் அவள் இறங்கினாள்.

நீலம் பச்சையாகி, பச்சை சாம்பலாகியது. கப்பலின் விலா மரங்கள் மணலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, சிப்பி ஒட்டிய பாட்டில்கள்! ஒன்றை மெல்லப் பெயர்த்தாள். கம்பியை வளைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறு. மச்சாது கட்டைவிரலை உயர்த்தினார். ஒவ்வொரு ஆளாழத்துக்கும் நின்று நின்று மேலே வந்தார்கள். மூடி அசையவில்லை!

“வந்துடுச்சு!” லியோன் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கினான். கித்தேரியான் விசிலடித்தார். யாமினி படகில் ஏறி, முகமூடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்து நிமிர்வதற்குள் அது நடந்துவிட்டது.

டிக்.

மெல்லிய சத்தம்தான். லியோன் வெளுத்துப்போய் நின்றான். பதினைந்து வருடமாகக் கையில் எந்த பீர் பாட்டில் வந்தாலும் அவன் செய்யும் காரியத்தை இப்போதும் செய்திருந்தான். ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டான்! வெதுவெதுப்பான கடலில் நூற்றைம்பது வருடம் கிடந்த கண்ணாடி ஐஸ்கட்டியில் பட்டதும் அடியிலிருந்து கழுத்துவரை பிளந்துவிட்டது. கறுப்பு பீரும் அதன் மண்டியும் மீன் வாடை அடிக்கும் ஐஸ் தண்ணீரில் கரைந்து ஓடின.

“கை தானா போச்சு யாமி...” பெட்டிக்குள் கையை விட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கினான். “நான் யோசிக்கவே இல்ல.”

அவனைக் கடலில் தள்ளிவிடலாமா என்று அவள் ஒரு கணம் உண்மையாகவே நினைத்தாள். அப்புறம் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், “பெட்டியைக் கடல்ல கொட்டு. இனிமே ஐஸ் வேண்டாம்,” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாவது பாட்டில் பத்திரமாக வந்தது. கம்பி கச்சிதம். யாமினி பாட்டிலை வெயிலுக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்தாள். அடியிலிருந்து எதுவுமே எழவில்லை. மூடியோரத்தில் மூக்கை வைத்தாள். உப்பு. மூடி எப்போதோ சுருங்கி, கடல் உள்ளே புகுந்து பீரை விரட்டியிருந்தது. நூற்றைம்பது வருடத்துக் கடல்தண்ணீரை அவள் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறாள்! கீழேயே விளக்கடித்துப் பார்த்திருக்கலாம். தன் மீதே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

மணி இரண்டு ஐம்பது. இன்னும் ஒரே ஒரு பாட்டில்.

காற்றும் மாறிவிட்டது. தென்மேற்கில் வானம் ஈயம் பூசியது போல் கறுத்துக்கொண்டு வந்தது. கித்தேரியான் மோப்பம் பிடித்தார்.

“நாளைக்கு எந்தப் படகும் போவாது. எச்சரிக்கைக் கொடி ஏத்திருவாவ. இனிமே மூணு மாசம் இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது, கேட்டியளா? அதுக்குள்ள மணல் மூடிரும்.”

“அப்ப முகுந்தனுக்கும் நாளைக்குக் கிடையாதா?” என்றான் லியோன்.

“யாருக்கும் கிடையாது.”

மச்சாது தண்ணீரைப் பார்த்தார். “நீவாடு திரும்பப் போவுது. போனா இப்பவே போணும். பதினஞ்சு நிமிசம். நான் ரெண்டு இழுப்பு இழுத்தா பாட்டில விட்டுட்டு வந்துரணும். சத்தியம் பண்ணு தங்கச்சி.”

“சத்தியம்ண்ணே.”

இறங்கினார்கள். இந்த முறை கண்ணெதிரே பனி போலக் கலங்கல். வெளியே கிடந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். உப்புத்தண்ணீர். உப்புத்தண்ணீர். விரிசல். மறுபடி உப்புத்தண்ணீர். கப்பலின் வயிற்றுக்குள், சரிந்த பலகைகளுக்கு அடியில் இன்னும் சில தெரிந்தன. மச்சாது தலையசைத்து மறுத்தார். அவள் ஒரு விரலைக் காட்டினாள். ஒரு நிமிடம், ஒரே நிமிடம்! அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். அவள் உள்ளே நுழைந்தாள்.

கடைசி மூலையில் இருந்த பாட்டிலைத் தூக்கி விளக்கடித்தாள். மெல்லச் சாய்த்தாள். அடியிலிருந்து கறுப்பு மண்டி புகையாக எழுந்து சுருண்டது. உயிரோடு இருக்கிறதோ இல்லையோ, உள்ளே இருக்கிறது! அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுவது நல்ல யோசனை இல்லை என்பதால் கம்பியை எடுத்தாள்.

ஒன்று. இரண்டு.

கயிற்றில் இரண்டு இழுப்பு.

மூன்று...

மூன்று இழுப்பு!

அடுத்த கணம் கப்பலே முனகியது. திரும்பிய நீவாடு பலகைகளைத் தள்ளியது. ஒரு பெரிய மரம் சரிந்து அவள் முதுகுச் சிலிண்டரின் மேல் விழுந்தது. கலங்கல் கண்ணை மறைத்தது. கயிறு பலகைக்கு அடியில் இறுகிவிட்டது. அசைய முடியவில்லை. மூச்சு வேகமாக, இன்னும் வேகமாக ஓடியது. காற்றுமானியின் முள் சிவப்பைத் தொட்டது. ‘சத்தியம் பண்ணினேனே, விட்டுடணும்’ என்று மனம் சொன்னது. கட்டைவிரல் மூடியை விட்டு நகர மறுத்தது.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. கத்தி மின்னியது. மச்சாது கயிற்றை அறுத்தார், தோளைக் கொடுத்து மரத்தை ஒரு சாண் தூக்கினார். அவள் வழுக்கி வெளியே வந்ததும் நீவாடு இருவரையும் அள்ளிக்கொண்டது. அவர் அவள் தோள்பட்டையை இறுகப் பிடித்திருந்தார். மெல்ல, மூச்சை விட்டுக்கொண்டே, மெல்ல மேலே. ஒவ்வொரு ஆளாழத்திலும் கட்டைவிரலுக்கு அடியில் மூடி முட்டுவதை அவள் உணர்ந்தாள். பாதிதான் கட்டிய கம்பி நழுவிக் கொண்டிருந்தது.

தலை தண்ணீருக்கு மேலே வந்தது. அவர்களுடைய படகு எங்கோ ஒரு புள்ளியாகத் தெரிந்தது. வலைதின்னி நங்கூரத்தையும் தின்றுவிட்டிருந்தது. கித்தேரியான் நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் அலைகள் இவர்களை இன்னும் தூரமாக இழுத்தன. மச்சாதுவின் தோளிலிருந்து ரத்தம் கசிந்தது.

“பெலன் இருக்கா தங்கச்சி?”

“இல்லண்ணே...”

இன்ஜின் சத்தம் பக்கத்தில் கேட்டது. வெள்ளைத் தொப்பி. முகுந்தனின் படகு! அவன் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான்.

“கையைக் குடுங்க!”

கையா? ஒரு கையில் பாட்டில். இன்னொரு கை அதன் மூடி மேல். கையைக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பாட்டிலைக் கொடுக்க வேண்டும். அதுவும் இவனிடம்! நாளை இவனுக்குக் கடல் கிடையாது என்று இவனுக்கும் தெரியும். இந்தப் பரப்பில் மிச்சமிருப்பது இந்த ஒரு பாட்டில்தான் என்றும் தெரியும். அலை அவள் வாயில் உப்பை அடித்தது. மூடி இன்னொரு நெல்லளவு எழும்பியது.

“யாமினி! குடுங்க!”

கொடுத்தாள். வேறு வழியில்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள்.

மச்சாது கீழிருந்து தள்ள, முகுந்தனின் படகோட்டி மேலிருந்து இழுக்க, அவள் படகுக்குள் விழுந்தாள். இருமி, உப்பைத் துப்பி, தவழ்ந்து எழுந்து முதலில் பாட்டிலைத்தான் தேடினாள்.

முகுந்தன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பாட்டில் தொடைகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றது. அவனுடைய வலது கட்டைவிரல் மூடியின் மேல் அழுந்தியிருந்தது.

“ஐஸ்ல வைக்காதீங்க!” என்று அலறினாள்.

“பழைய கண்ணாடி. ஐஸைக் கண்ணுலகூடக் காட்டக் கூடாது.” அவன் நிமிராமல் சொன்னான். “மூடி ஊறின ரஸ்க் மாதிரி இருக்கு. இதுக்கு மேல கம்பி கட்டினா உதிர்ந்துடும். விரலை எடுத்தாலும் போச்சு. அண்ணே, கரைக்கு எவ்வளவு நேரம்?”

“இந்த அலையில ஒன்றரை மணி நேரம் ஆவும்,” என்றார் படகோட்டி.

“மெதுவாவே போங்க. குலுங்கக் கூடாது.”

அவள் நடுங்கிக்கொண்டே அவனைப் பார்த்தாள். மச்சாதுவின் தோளுக்குத் துண்டைக் கட்டிவிட்டு மறுபடி பார்த்தாள். படகு தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் அவன் உடம்பை வளைத்துக் கொடுத்தான், பாட்டில் மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் போனது. அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. விரல் நுனி வெள்ளையாகி, பிறகு நீலம் பாய்ந்தது.

“நான் மாத்திப் பிடிக்கட்டுமா?”

“மாத்துற நேரத்துல போயிடும்.”

“ஏன் இதைச் செய்றீங்க?” அவளுக்கு அடக்க முடியவில்லை. “அன்னிக்கு நான் உங்களை வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பினேன்.”

“ஆமா. அனுப்பினதும் வரிசையில நின்னு ஒரு கிளாஸ் வாங்கிக் குடிச்சேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன்.” அவன் சிரிக்க முயன்றான், வலியில் பாதிதான் வந்தது. “எனக்குப் பிடிச்ச பீர் அது. என்கிட்ட இருந்தா என்ன, உங்ககிட்ட இருந்தா என்ன? எங்கயாவது இருக்கணும்.”

நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான். பிறகு அவன் தொடர்ந்தான்.

“அன்னிக்கு ஒரு ஸ்பூன் குடுத்திருந்தீங்கன்னா, இன்னிக்கு நீங்க இங்க சாகக் கிடந்திருக்க வேண்டாம். ஒரு போன் பண்ணியிருப்பீங்க. மறுநாள் கூரியர்ல அனுப்பியிருப்பேன்.”

யாமினி மூன்று மாதமாகக் குளிர்சாதனப் பெட்டியையும், மின்சாரத்தையும், அதிர்ஷ்டத்தையும் திட்டித் தீர்த்திருந்தாள். இது ஒருநாளும் அவளுக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. மச்சாது காயம்பட்ட தோளோடு எதிரே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது இன்னும் அதிகமாக வெட்கமாக இருந்தது.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறிக்கொண்டிருந்தபோது படகு கரை தொட்டது. பின்னாலேயே வந்து சேர்ந்த லியோன், கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிக் குடுவைகளோடு ஓடிவந்தான். ஐஸ் விற்கும் கடைப் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மூடிய அறைக்குள், முகுந்தன் விரலை எடுத்த அதே நொடியில் மூடி ‘டப்’ என்று கூரையில் போய் அடித்தது. யாமினி மேலே நின்ற தெளிவை வடித்து, அடியில் கிடந்த மண்டியைச் சொட்டு விடாமல் குடுவைக்கு மாற்றினாள். தெளிவில் ஆளுக்கு அரை ஸ்பூன் ருசி பார்த்தார்கள். காடியும் உப்பும் கலந்த சகிக்க முடியாத ஒன்று. கசப்பு மன்னன் லியோனே முகத்தைச் சுளித்தான்!

“நான் குடிச்சது நல்லாத்தான இருந்துச்சு!” என்று கித்தேரியான் கோபித்துக்கொண்டார்.

புதுச்சேரியில் பத்து நாள் குடுவை செத்த தண்ணீராகவே கிடந்தது. யாமினி அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். பதினொன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தவள் பிரஷ்ஷை நழுவவிட்டாள். குடுவையின் ஓரத்தில் கடுகளவு ஒரு குமிழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பக்கத்தில் இன்னொன்று!

“லியோன்! எந்திரிடா! உயிரோட இருக்கு!”

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வாசலில் மறுபடியும் வரிசை நின்றது. முதல் கிளாஸ் மச்சாதுவுக்கு, இரண்டாவது கித்தேரியானுக்கு. மச்சாது குடித்துவிட்டு, “நல்லாருக்கு,” என்று ஒரு சொல்லைச் செலவழித்தார். கித்தேரியான் கண்ணை மூடி நாக்கைச் சப்புக்கொட்டி, “இதேதான்! அடிப்பிடிச்ச கருப்பட்டி!” என்று மேசையைத் தட்டினார்.

ஆனால் அந்த பீரை வடிப்பதற்கு முன்பே, ஈஸ்ட் பெருகிய முதல் வாரத்திலேயே, யாமினி வேறொரு வேலையை முடித்திருந்தாள். ஏழு சிறு குப்பிகளை வரிசையாக வைத்து, ஏழிலும் ஈஸ்டை நிரப்பினாள். எப்போதாவது அவளிடம் கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பிப்போன ஏழு பேரின் பெயர்களை ஒவ்வொன்றிலும் ஒட்டினாள். முதல் குப்பி பெங்களூருக்குப் போனது.

மறுநாள் மாலை போன் வந்தது.

“வந்து சேர்ந்துடுச்சு,” என்றான் முகுந்தன்.

“கட்டைவிரல் எப்படி இருக்கு?”

“இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கு.” அவன் சற்றுத் தயங்கினான். “யாமினி, இங்க ரெண்டு பேர் இதைக் கேக்கிறாங்க. என்ன சொல்லட்டும்?”

யாமினி அடுக்கில் காலியாக நின்ற பழைய கறுப்புப் பாட்டிலைப் பார்த்தாள். அதன் கழுத்தில் சேவல் நங்கூரத்தின் மேல் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

“கேக்கிறவங்களுக்கெல்லாம் குடுங்க,” என்றாள்.